கல்லில் வெட்ட ஒரு வரி

ஆப்பிளில் உப்புத் தொட்டுத் தின்னும் பழக்கம் தாமாத்திக்குக் கிடையாது. அவன் தங்கை கஹுராங்கி இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பாள். அந்தப் பழக்கம் அவளுடைய முன்னாள் கணவனுடையது. வெலிங்டனில் அவனோடு குடித்தனம் நடத்திய காலத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போன கோணங்கித்தனங்களில் அதுவும் ஒன்று. விவாகரத்தில் சாமான்களைப் பங்கு பிரித்தபோது அதை மட்டும் அவனுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்து, தன் நாவலில் வரும் ரெவெத்தி என்ற மீனவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போது, ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, ஹோக்கியாங்காக் கழிமுகத்தின் கரையில் இருக்கும் வீட்டுச் சமையலறையில், அவளுடைய அம்மா பிரிஹிரா ஆப்பிளை நாலாக வெட்டி, ஒரு துண்டை உப்பில் புரட்டி, வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"உங்க அண்ணன் இப்படித்தானடி தின்னுவான். எனக்கும் பழகிப்போச்சு."

கஹுராங்கி பெட்டியைக் கீழே வைத்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு என்று அம்மா நினைத்திருப்பாள். ஆனால் அவள் முகம் வெளுத்துப்போனது அதனால் இல்லை.

அவள் கதை எழுதுகிறவள். எழுதுவதோடு நிற்காமல், எப்படி எழுதுவது என்று அடுத்தவர்களுக்குப் பாடமும் நடத்துகிறவள். வெலிங்டனில் சனிக்கிழமை வகுப்பு. ஓய்வு பெற்ற பல் டாக்டர்கள், வேலை பிடிக்காத வக்கீல்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். அவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதுதான்: ஒரு ஆளை முழுதாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நடையை ஒருவரிடம் எடுங்கள், சிரிப்பை வேறொருவரிடம், பயத்தை முன்பின் தெரியாதவரிடம். நல்லவனுக்கு ஒரு அல்பத்தனம் கொடுங்கள், கெட்டவனுக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொடுங்கள். இப்படிச் சேர்த்துத் தைத்தால் யாரும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார்கள், ஆளும் உயிரோடு எழுந்து நடப்பான். எழுந்தவன் எங்கே நடந்து போவான் என்பதை மட்டும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அண்ணன் தாமாத்தியின் மீன்பிடிப் படகு கழிமுகத்து வாயில், மணல்திட்டுக்கு மேலே அலை புரளும் இடத்தில் கவிழ்ந்தது. உடம்பு கிடைத்தது, புதைத்தார்கள். மறு வருஷம் அவள் எழுத உட்கார்ந்தாள். அண்ணனிடமிருந்து படகை எடுத்தாள், சாவை எடுத்தாள், தூண்டில் கிழித்த கைகளை எடுத்தாள். மிச்சத்தை ஊரெல்லாம் பொறுக்கினாள். இடது காலை லேசாக இழுத்து நடக்கும் நடை, நூலகத்துக் காவல்காரருடையது. ஆப்பிள் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது குரல் கொடுக்கும் வழக்கம், அவள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருந்த பஸ் டிரைவருடையது. அந்த மனிதர் வேலை முடிந்து படியேறும்போதே, "பசிச்சவன் ஒருத்தன் வந்திருக்கேன், கதவத் திறங்க!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே திறப்பாள். கஹுராங்கிக்குப் பொறாமையாக இருக்கும். அதையும் எடுத்து ரெவெத்திக்குக் கொடுத்தாள்.

நாவல் வந்தது, பரிசும் வந்தது. ரேடியோவில் தினம் காலையில் ஒரு நடிகர் அதை வாசித்தார். ரெவெத்தி கண்ணுக்குள்ளேயே நிற்கிறான், இப்படி ஒருவனை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவள் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டாள்.

அவள் நினைவிலிருந்து முதலில் போனது அண்ணனின் குரல். நினைவுபடுத்திப் பார்த்தால் பஸ் டிரைவரின் குரல் வந்தது. பிறகு நடை போனது. சின்ன வயதில் சேற்றுத் திட்டில் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிய அண்ணன், நினைவில் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடினான். பிறகு கண்ணை மூடினால் முகம்கூட ரெவெத்தியின் முகமாக இருந்தது. சுவரில் மாட்டிய படத்தில் இருக்கும் தாமாத்தி, யாரோ தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி அவளைப் பார்த்தான்.

பஸ் டிரைவர் குடும்பம் எப்போதோ ஆக்லாந்துக்கு மாறிப் போய்விட்டது. ஆனாலும் சில சாயங்காலங்களில், அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, படியில் அந்தக் குரல் கேட்கும். ஆரம்பத்தில் ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிறகு கதவுக்குச் சங்கிலி போட ஆரம்பித்தாள். செத்த அண்ணன் வந்து கூப்பிட்டால் அவள் பயந்திருக்கமாட்டாள், திறந்து உள்ளே விட்டிருப்பாள். வருவது அண்ணன் இல்லை என்பதுதான் பயமே.

"கல்லுல என்ன எழுதப்போறோம்னு உங்கிட்ட சொன்னேனா?" என்றாள் பிரிஹிரா.

சனிக்கிழமை கல் திறப்பு. அதற்காகத்தான் கஹுராங்கி வந்திருக்கிறாள். புதைத்த இடத்தில் கல்லை நட்டு, துணியால் மூடி வைத்து, சொந்தமெல்லாம் கூடி நின்று துணியை விலக்குவார்கள். அதோடு துக்கம் முடிந்தது, செத்தவன் போகலாம். தாமாத்திக்கு அது தள்ளிக்கொண்டே போய், இந்த ஈஸ்டருக்குத்தான் கூடி வந்திருக்கிறது.

"பேரு, தேதி. வேறென்ன?"

"அதுக்குக் கீழ, அவன் எப்பவும் சொல்வானே, அது." அம்மா கத்தியை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பசிச்சவன் ஒருத்தன் வந்திருக்கேன், கதவத் திறங்க!"

அம்மா அந்த பஸ் டிரைவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் 'திறங்க'வில் அவருடைய இழுப்பு அப்படியே இருந்தது.

"அம்மா, அது ரெவெத்தி சொல்றது. நான் எழுதினது."

"ரெவெத்தி யாரு? உங்க அண்ணன்தானே."

"இல்லம்மா. அது யாரோ ஒரு பஸ் டிரைவர் சொன்னது. அத எடுத்துப் போட்டேன். அண்ணன் அப்படிச் சொன்னதே இல்ல."

"அப்ப என்ன சொல்வான்? நீயே சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் வாசலில் வந்து நிற்பதை நினைக்கப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டு ரெவெத்தி வந்து நின்றான், வாயைத் திறந்தான்.

"பாத்தியா? உனக்கே தெரியல," என்றாள் அம்மா. "உங்க வில்லி மாமா நாளைக்குக் காலையில கல்ல வெட்டறான். பெரிய வெள்ளிக்கிழமை உளியத் தொடமாட்டேன்னுட்டான். அதுக்குள்ள உனக்கு வேற ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லு."

காகிதத்தில் எழுதினால் ஒரு நாள் கிழிந்துபோகும். கல்லில் வெட்டினால் அவ்வளவுதான். பேரன் பேத்திகள் வந்து தடவிப் பார்த்து, எங்கள் மாமா இப்படித்தான் கூப்பிடுவார் என்பார்கள். அந்தக் குழிக்குள் ஒரு பஸ் டிரைவரும் ஒரு காவல்காரரும் ஒரு முன்னாள் புருஷனும் படுத்திருப்பார்கள். தாமாத்திக்கு இடம் இருக்காது. கஹுராங்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் வெளியே போனாள்.

படித்துறையில் பெரியம்மா மகன் பீத்தா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தாமாத்தியோடு ஒரே படகில் போனவன் அவன். விபத்தன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தான்.

"ஏய் கஹு! எழுத்தாளரம்மா! எங்கள மாதிரி ஆளுங்க எல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"அண்ணே, தாமாத்தியப் பத்தி ஏதாவது சொல்லேன். எதுன்னாலும் பரவாயில்ல. சின்ன விஷயமா இருந்தாலும் சரி."

பீத்தாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். "அவன மறக்க முடியுமா? இந்தா, இப்படித்தான வருவான்." இடது காலை இழுத்து இழுத்துப் பலகையில் நடந்து காட்டினான். "தூரத்துல பாத்தே சொல்லிடலாம், தாமாத்தி வர்றான்னு."

"அவன் கால் நல்லாத்தான இருந்துச்சு?"

"அட, எப்பவோ அடிபட்டிருக்கும்."

"புத்தகத்துல படிச்சியா?"

"நானா? புத்தகமா?" பீத்தா சிரித்தான். "நான் படிச்சத உங்க பெரியம்மா பாத்தா மயக்கம் போட்டு விழுவாங்க. ரேடியோவுல கேட்டேன். கேக்கக் கேக்க எல்லாம் ஞாபகம் வந்துச்சு பிள்ள. அவன் கால் இழுக்கறதையே மறந்து போயிருந்தேன் பாரேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவன் கண் அப்படிக் கலங்காது. கஹுராங்கி அவன் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள். கடைக்காரி, கால்பந்து ஆடிய கூட்டாளி, தாமாத்தி கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருந்த பெண் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோரும் ஆசை ஆசையாகச் சொன்னார்கள். அந்தப் பெண், அவன் தன் வாசலுக்கு வரும்போது எப்படிக் கூப்பிடுவான் என்று கத்தியே காட்டினாள். அவர்கள் வாயிலிருந்து அவள் எழுதிய பக்கங்களே திரும்பத் திரும்ப வந்தன. தாமாத்தியை இந்தக் கரை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரெவெத்தியைக் குடிவைத்துவிட்டாள் அவள். இவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருக்க வேண்டாம்.

எதிர்க்கரை ஞாபகம் வந்தது அப்போதுதான். கேரிக் இருக்கிறாரே.

கேரிக் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். எதிர்க்கரையில் தனியாக ஒரு படகுக் கொட்டகையோடு இருக்கிறார். தாமாத்தியின் சாவுக்கு இரண்டு கரையும் வந்தது, அவர் வரவில்லை. செத்தவன் வீட்டுக்கு வராத மனுஷன் என்று பிரிஹிரா அவர் பெயரையே எடுப்பதில்லை. கஹுராங்கி ஃபெர்ரியைப் பிடித்து அக்கரைக்குப் போனாள்.

அவர் கொட்டகையில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிரிஹிரா மகதான நீ? புத்தகம் எழுதினவ."

"ஆமா. படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? ரேடியோவுல வந்துச்சு. உங்க அண்ணன் படகப் பத்தின்னு தெரிஞ்சதும் அணைச்சிட்டேன்."

"ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க," என்றாள் அவள். கேலி செய்கிறாளோ என்று அவர் உற்றுப் பார்த்தார். அவள் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "மிஸ்டர் கேரிக், எங்க அண்ணனப் பத்திச் சொல்லுங்க."

"செத்தவனப் பத்தி நல்லதா சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

"நல்லது வேண்டாம்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"என் துடுப்புப் படக வாங்கிட்டுப் போனான். ரெண்டு நாள்ல தர்றேன்னான். தரல. கேட்டா, எந்தப் படகுன்னு கேக்கறான்! அதுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு, அந்தக் கரையில, என் கண்ணு முன்னாலயே ஓட்டிக்கிட்டுப் போறான். கை வேற ஆட்டுவான் எனக்கு. கை!"

"அப்புறம்?"

"பொய்யன். அவன் பிடிச்ச மீன்ல பெருச மறைச்சு வச்சுட்டு சிறுச பங்கு போடுவான், உங்க பீத்தா இருக்கானே, அந்த மண்டுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது. தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை அவன் வாயில வந்து நான் கேட்டதில்ல."

"காலை இழுத்து நடப்பானா?"

"அவனா? பூனை நடை. வர்றதே தெரியாது."

அவள் டப்பாவை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வரும்போது ஏதாவது சொல்வானா? வாசல்ல நின்னு குரல் குடுப்பானா?"

"குரலா?" கேரிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. "அத்தன வருஷத்துல ஒரு தடவ கதவத் தட்டியிருப்பானா அவன்? நான் இங்க குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டிருப்பேன். திடீர்னு ஈரக் கம்பளி வாசனை வரும். அவன் போடுவானே, அந்த நாத்தம் பிடிச்ச தொப்பி. திரும்பினா, இங்க, தோளுக்குப் பின்னால நிப்பான். என் பிஸ்கட் டப்பா அவன் கையில இருக்கும். எவ்வளவு நேரமா நின்னு தின்னுக்கிட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஒரு தடவ பதறிப்போய் ஸ்பார்க் பிளக்கத் தண்ணியில போட்டேன். அதுக்கு ஒரு சிரிப்பு பாரு. சத்தம் வராது. தோளு மட்டும் குலுங்கும்."

தோள் குலுங்கியது. கஹுராங்கி அதைக் கண்ணுக்குள் பார்த்தாள். மழைக்காலம், அம்மாவின் சாமான் அறை, அவள் திருட்டுத்தனமாக ஜாம் பாட்டிலைத் திறக்கிறாள், கழுத்துக்குப் பின்னால் ஈரக் கம்பளி வாசனை. திரும்பினால் அண்ணன். அத்தை பின்னிக் கொடுத்த பழுப்புத் தொப்பி, காதுப் பக்கம் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. சத்தமே இல்லாமல் சிரிக்கிறான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. அவன்தான். அந்தத் தொப்பி நாவலில் இல்லை, அந்தப் பல்லும் இல்லை. அவள் பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

கேரிக் தடுமாறிப் போனார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். தண்ணீரைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"சரி, சரி. அழாத. இருந்தாலும் பாவம்தான், அந்தத் தண்ணியில போய்... கெட்டிக்காரப் படகுக்காரன், அதச் சொல்லணும். படகக்கூட ஒரு நாள் திருப்பிக் குடுக்கலாம்னுதான் நினைச்சிருந்தானோ என்னவோ..."

"வேண்டாம்!" என்று அவள் கத்தினாள்.

"என்ன வேண்டாம்?"

"தயவுசெஞ்சு அவன மன்னிச்சிராதீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாங்க எல்லாரும் மன்னிச்சிட்டோம். அதான் எங்க யாருகிட்டயும் அவன் இல்ல. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"திருட்டுப்பய," என்றார்.

"ஆமா," என்றாள் அவள், நிம்மதியோடு. "சனிக்கிழமை கல் திறப்பு. வாங்க."

"நான் எதுக்கு?"

"எங்க வழக்கப்படி, செத்தவன நேருக்கு நேரா நின்னு திட்டலாம். அது அவனுக்கு மரியாதை. ஆனா இப்ப அவனத் திட்டறதுக்கு உங்களத் தவிர ஆள் இல்லாமப் போச்சு."

அவள் வீடு திரும்பியபோது பிரிஹிரா சனிக்கிழமை விருந்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கஹுராங்கி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். கேரிக்கிடம் போனது, படகு, பிஸ்கட், தொப்பி, சத்தமில்லாத சிரிப்பு.

"அவன் கூப்பிட்டதே இல்லம்மா! ஒரு நாளும் இல்ல! எனக்கு ஞாபகம் வந்துருச்சு. கல்லுல அந்த வரி வேண்டாம். பேரு மட்டும் போதும்."

பிரிஹிராவின் கை நிற்கவில்லை. தோல் நீளமாகச் சுருண்டு வாளிக்குள் விழுந்தது.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதாடி? சின்னப் பையனா இருக்கறப்பவே படகுல ஏறினவன். வந்துட்டேம்மான்னு ஒரு நாளாவது சொன்னானா? விடிஞ்சதும் அவன் ரூம் கதவ லேசாத் தள்ளிப் பாப்பேன். போர்வைக்கு வெளியில பாதம் தெரிஞ்சா போய் அடுப்ப மூட்டுவேன். தெரியலன்னா படித்துறைக்கு ஓடுவேன். என் வயசு பூரா அப்படியே போச்சு. கடைசி நாளும் அப்படித்தான் கதவத் தள்ளிப் பாத்தேன்."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். எடுத்தவள் அதைச் சீவாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் ரெவெத்தி கூப்பிடறான்டி. ரோட்டுல வரும்போதே கூப்பிடறான். ரேடியோவுல அந்தக் குரலக் கேட்ட அன்னிக்குத்தான் நான் விடிய விடியத் தூங்கினேன்."

"அது பொய்ம்மா."

"பொய்தான். நீ சொன்ன பொய்தான. நல்லாச் சொல்லியிருக்க."

"அப்ப அண்ணன்? அவன் என்ன ஆவான்?"

"என் புள்ள எங்கிட்ட இருக்கான். உடைஞ்ச பல்லோட, திருட்டுப் படகோட, அப்படியே இருக்கான். நான் அவன எங்கயும் தொலைக்கல. நீதான் தொலைச்சுட்டு வந்து நிக்கற."

கஹுராங்கிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை நாள் அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்று அவள் தவித்ததெல்லாம் வீண். ஏமாந்தது அவள் ஒருத்திதான்.

"அப்ப ஆப்பிள்?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆப்பிளுக்கு உப்பு நல்லாத்தான்டி இருக்கு," என்றாள் பிரிஹிரா. "காலையில வில்லி போன் பண்ணுவான். நீயே பேசு. நீ எந்த வரி சொல்றியோ அது. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மறுநாள் காலை போன் அடித்தது. என்ன வெட்டறது, சீக்கிரம் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு என்றார் வில்லி மாமா. கஹுராங்கி அடுப்பங்கரையைப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கஞ்சிப் பாத்திரத்தில் கரண்டி அசையாமல் நின்றது. அம்மா இன்னும் எத்தனை விடியலில் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பாளோ என்று நினைத்ததும் கஹுராங்கிக்குத் தாங்கவில்லை. அந்த வரியை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். 'திறங்க' என்று முடித்தபோது அவள் குரலிலும் அந்த இழுப்பு வந்தது. கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோரும் ஏறினார்கள். பிரிஹிரா தாமாத்தியின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஜெபம் முடிந்து துணியை விலக்கினார்கள். பீத்தா வரியை உரக்கப் படித்தான், படித்து முடிக்க முடியாமல் விக்கினான். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள். அம்மா கல்லைத் தடவினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியைக் கஹுராங்கி பார்த்ததில்லை.

கூட்டத்தின் கடைசியில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி நின்றார். கேரிக் வந்திருந்தார். கஹுராங்கி போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"சுத்தப் பொய்," என்று அவர் கல்லைப் பார்த்து முணுமுணுத்தார். "படகக் குடுடா."

"ஆமா," என்றாள் அவள். மேட்டை விட்டு இறங்கும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் தீட்டுக் கழிய வைத்திருந்த தண்ணீரில் இரண்டு பேரும் கை கழுவினார்கள்.

விருந்துக் கூடத்துச் சமையல்கட்டில் அன்று அந்த வரிதான் ஓடியது. தட்டு வாங்க வந்தவன், தண்ணீர் கேட்டு வந்தவள், ஓடிவிளையாடிய பிள்ளைகள் எல்லோரும் கதவருகே வந்து, "பசிச்சவன் ஒருத்தன் வந்திருக்கேன், கதவத் திறங்க!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே சிரிப்பு எழும்பியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கஹுராங்கிக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் குரலுக்கு இனி சங்கிலி போட வேண்டியதில்லை. ரெவெத்திக்கு இங்கே சோறு போட ஆள் இருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் பாட்டு ஆரம்பித்தது. மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருத்தி தேநீருக்கான பிஸ்கட் தட்டைக் கஹுராங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வெளியே நல்ல மத்தியான வெயில். அவள் தொட்டியில் கையை விட்டபடி ஒரு பெரிய சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்கதவு அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

யாரும் கூப்பிடவில்லை. கதவு கிறீச்சிடவும் இல்லை. ஈரக் கம்பளி வாசனை வந்தது.

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. திரும்பினால் இருப்பானா மாட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தைரியம் வரவில்லை. ஈரக் கையாலேயே பிஸ்கட் தட்டைத் தன் தோளுக்குப் பின்னால் எட்டுகிற தூரத்துக்கு மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி சட்டியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.